பட்டன் அமுக்குகிற வேலை என்று சொன்னவன் எழுதுவது

அம்மிணி,

இதை உனக்கு மட்டும் எழுதுவதாக இருந்தால் ஒரு பக்கத்தில் முடித்திருப்பேன். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் உன்னைச் சொன்ன சொல் ஒரு ஆடிட்டோரியம் நிறைய ஆட்கள் காதில் விழுந்தது. அதைத் திரும்ப எடுப்பதை மட்டும் உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகச் செய்தால் அது நியாயம் ஆகாது. அதனால் இதை நம் பக்கத்துச் சவுண்டு, லைட்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறேன். அன்றைக்கு அங்கே வேலைக்கு வந்திருந்த நம் தொழில்காரர்கள் எல்லாரும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள். உனக்குச் சங்கடமாக இருக்கும், தெரியும். பொறுத்துக்கொள். போனில் இவ்வளவு தட்டுவதற்கு எனக்கு நான்கு நாள் ஆயிற்று. இடையில் இரண்டு தடவை எல்லாவற்றையும் அழித்தேன், எழுதாமல் விட்டுவிடலாமா என்றும் பார்த்தேன்.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். நீ போகிற ஊர் ஒன்றும் தூரதேசம் இல்லை. நம் கேரளாப் பக்கத்திலிருந்து கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி முக்கால் மணி நேரம் போனால் பொள்ளாச்சி. அதற்காக அழுது எழுத உட்கார்ந்தேன் என்று நினைக்காதே. போன வாரம் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்ட மாப்பிள்ளை வந்திருந்தார். நீ தையல் கடைக்குப் போயிருந்தாய். டீயைக் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க மாமா, அவ டிஜேவ விட்டுப்போடறேங்கறா. எங்கூட்ல ஆரும் வேண்டாம்னு சொல்லலீங்க. எங்கம்மாவே போயிப் பாட்டுப் போடட்டும்ங்கறாங்க. நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா?" எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையின் கார் வாய்க்கால் பாலத்தைக்கூடத் தாண்டியிருக்காது, உன் அம்மா வந்து என் எதிரில் நின்றாள்.

"ஏனுங்க, உங்களுக்கு ஒண்ணுந் தெரியாதா? 'அப்பா சொன்னது செரிதாம்மா, இப்பப் பாட்டு மாத்தறதக்கூட லேப்டாப்பே பண்ணிக்குது, நா எதுக்கு அங்க நின்னுக்கிட்டு'ன்னு புள்ள அன்னிக்கொரு நாள் அழுதுச்சு. ரெண்டு வருசமா அத நெஞ்சுக்குள்ள வெச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் போயிட்டு வந்திருக்குது. உங்களுக்கு ஒண்ணுந் தெரியாதாமா." அவள் அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் காலையில் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரிலிருந்து ஒருவர், நீ பாட்டு மிக்ஸ் பண்ணுகிற கன்ட்ரோலரைப் பார்க்க வந்தார். விற்கப் போவதாக நீ யாரிடமோ சொல்லியிருக்கிறாய். நான் அதை உறையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்தார். அதற்கு உரியவள் வீட்டில் இல்லை, கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

நான் எப்படி டிஜே ஆனேன் என்று உனக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லி வந்திருக்கிறேன். அந்தக் கதையில் எப்போதும் நான் மட்டும்தான் கெட்டிக்காரன். தோட்டத்தைப் பெரியப்பா பார்த்துக்கொண்டார், நான் இரண்டு கேசட் டெக்கும் ஒரு மிக்ஸரும் வாங்கிக்கொண்டு வந்தேன் என்பது வரைக்கும் உண்மை. அப்போது கொல்லங்கோட்டில் இசைத்தட்டு போட்டுக்கொண்டிருந்த மைக்செட்டுக்காரர் என்னைப் பார்த்து, "பொட்டியில சொருகிப்போட்டு டீ குடிக்கப் போறது ஒரு தொழிலாடா" என்று கேட்டதை மட்டும் நான் உனக்குச் சொன்னதே இல்லை. அன்றைக்கு நான் சைக்கிள் மிதித்து வீடு வரும்வரை அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தேன். பிறகு கோயம்புத்தூர் போய் இரண்டு சி.டி. டெக் வாங்கி வந்தேன். இந்தத் தாலூகாவில் அது முதன்முதலாக வந்தது என்னிடம்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன். ஒரு பாட்டு மண்டபத்தில் ஓடும்போதே அடுத்த பாட்டை ஹெட்போனில் கேட்டு, வேகத்தை நூல் அளவு கூட்டிக் குறைத்து, இரண்டின் தாளத் தட்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிற நேரத்தில் மாற்றிவிட வேண்டும். முதலமடையில் ஒரு மாங்காய் ஷெட்டில் சீசன் இல்லாத மாதங்களில் உட்கார்ந்து ஒரு வருஷம் பழகினேன். காதால்தான் பிடிக்க வேண்டும், கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை என்று பெருமையாகச் சொல்லுவேன், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பெருமையால் என்ன நடந்தது என்பதையும் கேள்.

நீ மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது வேலந்தாவளம் பக்கம் ஒரு கல்யாணம். நம்மவர்கள் கல்யாணம்தான். நாதஸ்வரக்காரர்கள் கொஞ்ச நேரம் ஓய்வெடுக்க எழுந்து போனார்கள். முன் வரிசையில் கோயம்புத்தூரிலிருந்து வந்த மாப்பிள்ளையின் சிநேகிதர்கள். அவர்கள் முன்னால் என் கைவரிசையைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே துடிப்பு. ஹெட்போனை இரண்டு காதிலும் இறுக்கி மாட்டிக்கொண்டேன், தலை மிக்ஸருக்குள்ளேயே இருந்தது. சேர்க்கவே முடியாத இரண்டு பாட்டு அவை, சேர்த்தேன். அவ்வளவு சுத்தமாக என் வாழ்நாளில் வேறு எப்போதும் சேர்த்ததில்லை. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். மண்டபமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேடையில் மங்கல வாழ்த்து ஆரம்பித்து எத்தனையோ அடி ஆகியிருக்கிறது. அதைப் பாடுகிற பெரியவர் கையைக் கூப்பியபடி வாயை மூடி நிற்கிறார். ஒவ்வொரு அடி முடிவிலும் தட்ட வேண்டிய மத்தளக்காரர் மத்தளத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். என் ஸ்பீக்கர் பாக்ஸிலிருந்து குத்துப்பாட்டு போய்க்கொண்டிருக்கிறது.

நம் கல்யாணத்தில் எது இல்லாவிட்டாலும் மங்கல வாழ்த்து இல்லாமல் கல்யாணம் கிடையாது. அந்த அரை மணி நேரம் ஒரு குழந்தை அழுதால்கூட வெளியே தூக்கிக்கொண்டு போவார்கள். அதன் மேல் நான் பாட்டை ஏற்றியிருக்கிறேன். ஆம்ப்ளிஃபயர் சிக்கிக்கொண்டது, வால்யூம் குறையவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். நம்பினார்கள். அந்தப் பெரியவர் மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகு என் பக்கத்தில் வந்து, கோபமே இல்லாமல், "ஏனுங்க தம்பி, காத மூடிக்கிட்டுப் பாட்டுப் போடறீங்களே, ஆருக்குங்க போடறீங்க?" என்று கேட்டார். நான் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். அவர் போய்விட்டார். இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னது கிடையாது. இன்றைக்கு இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். கொல்லங்கோட்டில் ரிசப்ஷன், உன் பெயருக்கு வந்த முதல் புக்கிங். பாக்ஸ் எல்லாம் என்னுடையது, மேஜைக்குப் பின்னால் நின்றது நீ. உன் லேப்டாப் திரையில் இரண்டு பாட்டும் இரண்டு கோடாக ஓடின. நீ ஒரு பட்டனை அமுக்கினாய். நான் மாங்காய் ஷெட்டில் ஒரு வருஷம் உட்கார்ந்து பழகியதை அது ஒரு நொடியில் செய்துவிட்டு உன் அடுத்த வேலைக்காகக் காத்திருந்தது. மண்டபத்தில் கைதட்டல். பாலக்காட்டிலிருந்து வந்த மலையாளிப் பையன்கள், "சேச்சி, ஒண்ணுகூடி" என்று இன்னொரு தடவை போடச் சொல்லிக் கத்துகிறார்கள். என் பக்கத்தில் இருந்த லைட்டுக்காரர் தோளில் தட்டி, "ஏனுங்ண்ணா, புள்ள உங்களத் தூக்கிச் சாப்புட்டுப்போடுமாட்ட இருக்குதே" என்றார். நான் சொன்னேன். "இதெல்லாம் டிஜேவே இல்லப்பா. பட்டன் அமுக்கற வேலை. அதுவே சேத்துக்குது, அதுவே மாத்திக்குது. ஒரு கொரங்கக் கொண்டாந்து நிறுத்துனாலும் இதத்தாம் பண்ணும்." மேஜையில் என் கைக்குப் பக்கத்தில் கார்ட்லெஸ் மைக் இருந்தது. என் குரல் என் பாக்ஸிலேயே மண்டபம் முழுக்கக் கேட்டது.

ஜனங்கள் சிரித்தார்கள். தப்பாக நினைத்துச் சிரிக்கவில்லை, அப்பனும் மகளும் விளையாடுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அப்புறம் திரைக்குத் திரும்பிவிட்டாய். ரிசப்ஷன் முடிகிறவரை ஒரு இடத்திலும் பிசகாமல் பாட்டுப் போட்டாய். வேனில் வரும்போது நான், "மைக்கு ஆஃப்ல இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன் கண்ணு" என்றேன். "பரவால்லீங்ப்பா" என்றாய். அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணத்துக்கு என் பாக்ஸை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். எங்கே போகிறாய், என்ன போட்டாய் என்று நானும் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை.

இந்த வருஷம் எனக்கு இடது காது போய்விட்டது. பாலக்காட்டில் டெஸ்ட் எடுத்தபோது, இவ்வளவு வருஷம் எங்கே நின்று வேலை செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். பாக்ஸுக்குப் பக்கத்தில் என்றேன், சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து பழைய டெக்கைத் தூசி தட்டி இரண்டு பாட்டைச் சேர்த்துப் பார்த்தேன். வரவில்லை. மறுபடி பார்த்தேன், தாளத் தட்டு ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றது. காதால் பிடிப்பவன்தான் டிஜே என்றால் நான் இனிமேல் டிஜே இல்லை. இதை அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தேன். கசப்பாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அந்தக் கசப்போடுதான் போன மாதம் கோவிந்தாபுரத்தில் நம் உறவுக்காரர் கல்யாணத்துக்கு வந்தேன். நீதான் பாட்டு என்று தெரியும். உனக்குத் தெரியாமல் கடைசி வரிசையில், பந்திக்குப் போகிற வழியில், ஒரு தூணை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். குறை கண்டுபிடிக்கத்தான் வந்தேன் என்று வைத்துக்கொள். நீ எப்போது திரையைப் பார்க்கிறாய் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன். நீ திரையைப் பார்க்கவே இல்லை, அம்மிணி. ஹெட்போன் உன் கழுத்தில் கிடந்தது. உன் கண் மணமேடைக்குப் போனது, வாசலுக்குப் போனது, பந்தியிலிருந்து கை கழுவிக்கொண்டு வருகிறவர்கள் முகத்துக்குப் போனது. நான் அத்தனை வருஷம் தலையைக் குனிந்து செய்த வேலையை அந்தப் பட்டன் செய்துகொண்டிருந்தது. மிச்சமான உன் கண்ணால் நீ ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மங்கல வாழ்த்துப் பாட அதே பெரியவர்தான் வந்திருந்தார். இப்போது ரொம்பத் தளர்ந்துவிட்டார். அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தபோதே நீ பாட்டை இறக்கத் தொடங்கினாய். வெட்டி நிறுத்தவில்லை, மண்டபத்துப் பேச்சுச் சத்தமும் கூடவே அடங்கும்படி கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாய். மேஜையை விட்டு இறங்கிப் போய் அவர் முன்னால் ஒரு சின்ன மைக்கை வைத்தாய், மத்தளத்துக்குத் தனியாக இன்னொன்று வைத்தாய். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக்கூட ஒவ்வொரு அடியும், அடியின் முடிவில் அந்த ஒற்றைத் தட்டும் கேட்டது. எனக்கு நல்ல காது ஒன்றுதான், அதிலேயே முழுதாகக் கேட்டது. அவர் முடித்த பிறகும் நீ உடனே பாட்டுப் போடவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் பெரியவர்கள் காலில் விழுந்து எழுகிறவரைக்கும் அமைதியாகவே விட்டாய். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் அந்த அமைதியைப் பார்த்துப் பயந்து எதையாவது போட்டிருப்பேன்.

அப்புறம் ஒன்று பார்த்தேன், அதைச் சொல்லாமல் விட மாட்டேன். எல்லாரும் ஆடிக்கொண்டிருந்த நேரம். பெண்ணின் அம்மா சந்தனத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தாள். விடியற்காலையிலிருந்து உட்காராத பெண்பிள்ளை. ஒரு பாட்டில் மட்டும் நடந்துகொண்டே அவள் பாதம் தாளம் போட்டது. அவளுக்கே அது தெரிந்திருக்காது, நீ பார்த்துவிட்டாய். பாட்டு முடியப் போகிறது, லேப்டாப் அடுத்ததைத் தயாராக வைத்திருக்கிறது. நீ அதைத் தள்ளிவிட்டு அந்தப் பாட்டின் ஒரு துண்டைத் திரும்பத் திரும்பச் சுற்ற விட்டாய். ஆடுகிறவர்கள் விடாமல் ஆடினார்கள். நீ காத்திருந்தாய். அவள் இரண்டு தடவை போனாள், வந்தாள். மூன்றாவது தடவை தட்டை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தாள். அப்போதுதான் நீ பாட்டை மேலே போக விட்டாய். அந்தச் சுற்ற விடுகிற வேலையை என் டெக்கில் செய்திருக்க முடியாது. செய்ய முடிந்திருந்தாலும் அவள் பாதத்தை நான் பார்த்திருக்க மாட்டேன். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பந்தியில் அந்தப் பெரியவர் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். "புள்ள நல்லாப் பண்ணுதுங்க. நா கனைக்கறதுக்கு முன்னாலயே கம்மி பண்ணிப்போட்டுது" என்றார். என்னை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

நம் குழுவில் இப்போது தினமும் ஒரே சண்டை. லேப்டாப் தானே பாட்டைத் தேர்ந்தெடுக்கிறது, பாட்டிலிருந்து குரலைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கிறது, அப்புறம் எவன் உண்மையான டிஜே என்று கேட்கிறார்கள். டெக் வைத்திருப்பவன் கன்ட்ரோலர்காரனைத் திட்டுகிறான், கன்ட்ரோலர்காரன் போனில் மிக்ஸ் பண்ணுகிறவனைத் திட்டுகிறான். உனக்கும் அந்தப் பயம் வந்திருக்கிறது என்று உன் அம்மா சொன்னதிலிருந்து தெரிகிறது. நாளைக்கு என்னென்ன வரும் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண்பிள்ளையின் பாதத்தைப் பார்க்கிற மெஷின்கூட ஒருநாள் வரலாம், வராது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த மண்டபத்தில் அவளுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று நினைத்தது நீ. யாருக்குப் பாட்டுப் போடுகிறோம் என்று தெரிந்தவர்தான் டிஜே. இது எனக்கு அந்தப் பெரியவர் கேட்ட அன்றே தெரிந்திருக்க வேண்டும், நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டேன்.

இனி கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் இரண்டு தடவை அழித்தேன். அன்றைக்கு மைக் ஆஃபில் இருந்ததாக நினைத்தேன் என்று உன்னிடம் சொன்னேன். பொய். மைக் என் கையருகில் இருந்தது, அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, நான் அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் பேசினேன். வாழ்நாள் முழுக்க மைக் பிடித்தவனுக்குப் பச்சை விளக்குத் தெரியாமல் இருக்குமா? இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் அப்படிக் கைதட்டியது இல்லை. சாப்பிட்டீங்களா மைக்செட்டு என்று கேட்பார்கள், அவ்வளவுதான். உனக்கு முதல் நாளே தட்டினார்கள். பெற்ற மகள்மேல் பொறாமைப்பட்டேன். இதைவிட நாகரிகமாகச் சொல்ல எனக்கு வார்த்தை தெரியவில்லை. என்னை மன்னித்துக்கொள், கண்ணு.

கன்ட்ரோலரை மறுபடி உறையில் போட்டு உன் அலமாரியிலேயே வைத்திருக்கிறேன். சித்தூர்க்காரர் நம்பரை அதன்மேல் ஒட்டியிருக்கிறேன். வேறு வேலை பிடித்திருக்கிறது, அலுத்துவிட்டது, எந்தக் காரணம் என்றாலும் விற்றுக்கொள், ஏன் என்று கேட்க மாட்டேன். நான் சொன்ன அந்தச் சொல்லுக்காக மட்டும் விற்காதே. உன் கல்யாணத்துக்குப் பென்டிரைவைச் சொருகிவிட்டால் போதும் என்று அம்மாவிடம் சொன்னாயாம். போதாது. நான் உட்காருகிறேன். பாட்டைத் தானே சேர்க்கிற அந்தச் சின்க் பட்டன் எது என்று மட்டும் ஒரு நாள் காட்டிக் கொடு, அமுக்கிக்கொள்கிறேன். ஹெட்போன் போட மாட்டேன், தலை குனிய மாட்டேன், மேடையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மங்கல வாழ்த்துக்கு அந்தப் பெரியவரையே சொல்லியிருக்கிறேன். அவர் எழுந்து துண்டைச் சரிசெய்வதற்கு முன்னால், எல்லாச் சத்தத்தையும் இறக்கிவிட்டு, அதே கார்ட்லெஸ் மைக்கைக் கையில் எடுப்பேன். அன்றைக்குக் குரங்கு என்று சொன்னேன் அல்லவா, அதே மாதிரி ஒரு மண்டபம் நிறைய ஜனங்கள் முன்னால், "என்ற மக டிஜேங்க" என்று சொல்லுவேன். நீ மணையில் உட்கார்ந்திருப்பாய், திரும்பி என்னைப் பார். பச்சை விளக்கு எரியும், இந்தத் தடவையும் அதைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன்.

அப்பா